மூன்று மெம்பரேன்களும் நல்ல தண்ணீரும்

மெம்பரேன் சாகத் தொடங்கும்போது முன்னைவிட நன்றாக வேலை செய்யும். அழுத்தம் குறையும், தண்ணீர் கூடும். முப்பத்தோரு வருடம் ஓர் அனல்மின் நிலையத்தின் தண்ணீர்ப் பிரிவில் வேதியியலாளனாக இருந்த எனக்கு இது தெரியாததல்ல. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன். என் ஊரில், என் பொறுப்பில், மூன்று மெம்பரேன்கள் செத்துக்கொண்டிருந்தபோது மட்டும் அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றுப் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்த முதல் மாதமே, குக்கர் விசிலைக் குறித்து வைக்க ஒரு படிவம் தயாரித்தேன். என் மனைவி அதில் வெந்தயத்தை மடித்து வைத்துவிட்டு, "வெளிய எங்கிட்டாவது போயி வேல பாருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அப்படித்தான் மாதா கோயில் தெருவில் இருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கொட்டகை ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்ணுடையது. கணவர் இறந்த பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தேனிக்கு அந்தப் பக்கம் ஒரு சோலார் மின்நிலையம் வந்ததும், தன் தெருப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அங்கே தகடு கழுவும் வேலையைப் பிடித்தார். வாரம் மூன்று நாள் மினி லாரியில் தண்ணீர்த் தொட்டியோடு ஐந்து பேரும் போவார்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதை வெயிலில் காயும் கண்ணாடியில் ஊற்றினால் உப்புப் படிந்து தகடு வெள்ளையாகிவிடும். அதனால் கழுவும் தண்ணீரின் உப்பளவு, டி.டி.எஸ். மீட்டரில் ஐம்பதைத் தாண்டக்கூடாது என்பது நிலையத்தின் விதி. அதற்காக, மூடிப்போன ஒரு கேன் தண்ணீர்க் கம்பெனியின் ஆர்.ஓ. இயந்திரத்தைப் பழையதாக வாங்கி, மூன்று மெம்பரேன்களை மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்.

மெம்பரேன் என்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மெல்லிய தாளைப் பாய்போல் சுருட்டிக் குழாய்க்குள் செருகியிருப்பார்கள். தண்ணீரை அழுத்தி அனுப்பினால் உப்பு இந்தப் பக்கம் நிற்கும், தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும். நான் பார்த்தபோது அந்த இயந்திரம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கால்சியம் அடைத்திருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து, அமில அளவு பார்த்து, மெதுவாகச் சுற்றவிட்டு, ஊறவைத்து, மறுபடி சுற்றவிட்டுக் கழுவினேன். தகடு கழுவும் பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, சாரு மெசினுக்கு ஊறுகா போடுறாகளா?"

"ஏடி சும்மாரு. அவுக கரண்டு ஆபீசுல பெரிய ஆளு."

"பெரிய ஆளுன்னா பெரிய சட்டியில போடட்டும். எங்க வீட்டுக்கும் ரெண்டு கரண்டி வேணும்."

மறுநாள் தண்ணீர் ஒழுங்காக வந்தது. அன்றிலிருந்து நான் அந்தக் கொட்டகையின் சட்டம் ஆனேன். ஒரு பதிவேடு போட்டேன்: உள்ளே போகும் அழுத்தம், வெளியே வரும் அழுத்தம், தண்ணீரின் அளவு, டி.டி.எஸ். அந்தப் பெண் ஒருநாள் தவறாமல் எழுதினார். அழுத்த வித்தியாசம் கூடினால் ஆசிட் கழுவல். வழுவழுப்பு வந்தால் முதலில் காரக் கழுவல், அப்புறம் ஆசிட். நான்கு நாளுக்கு மேல் நிறுத்தினால் கெடாமலிருக்க மருந்து நிரப்பி மூட வேண்டும். எல்லாம் என் கையெழுத்தில் சுவரில் தொங்கியது.

முதல் மாதத்திலேயே இன்னொன்றும் செய்தேன். மெம்பரேனுக்கு முன்னால் கரித் தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீரில் குளோரின் இருந்தால் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் ஒரே வேலை. போர் தண்ணீரில் குளோரின் ஏது? வேலையில்லாத கரியில் பாசி வளர்ந்து மெம்பரேனுக்குப் போகும். ஆகவே அதைக் கழற்றி, குழாயை நேராக இணைத்து, காரணத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். நடைமுறைப்படி மிகச் சரியான முடிவு. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தொட்டி முற்றத்தில் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

இரண்டாவது வருடம், ஒரே பருவத்தில் மூன்றாம் முறையாக ஆசிட் கழுவல் செய்த ஒரு மத்தியானம், எரிச்சலில் இருந்தேன். அந்தப் பெண் கேட்டார்.

"இது இன்னும் எத்தன வருசம் சார் தாங்கும்?"

"இந்தப் போர் தண்ணிக்கி இன்னொரு வருசம் தாங்குனாப் பெருசு. லோயர் கேம்ப்புல எறங்குற பெரியாத்துத் தண்ணிய ஊத்திப் பாரு, ஒன் பேரன் கல்யாணம் வரைக்கும் ஓடும்."

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் சொல்வதையெல்லாம் அவர் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் ஆள் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. நையாண்டி செய்பவனுக்கு இது ஒரு தொழில் ஆபத்து. கேட்பவர்களில் ஒருவர் அதை நம்பிவிடுவார்.

அந்த மழைக்காலத்தில் மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்காக மதுரையில் மகள் வீட்டில் ஐந்து வாரம் இருந்தேன். இரண்டாவது வாரம் அவர் கூப்பிட்டார்.

"சார், மெசினு சும்மா பறக்குது. பிரஷரு எறங்கிருச்சு, தண்ணி கூடிருச்சு. மீட்டரு மூணுதான் காட்டுது."

மூன்று! எங்கள் போர் தண்ணீரிலிருந்து மூன்று வர வழியே இல்லை. நல்ல நாளிலேயே இருபத்தைந்துதான். முதல் வருடம் படிக்கும் மாணவன்கூட, "என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டிருப்பான். நான் சொன்னது இது:

"எல்லாம் போன மாசம் நான் ஊத்துன ஆசிட்டு வேல."

"அது மட்டுமில்ல சார். நீங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று சிரித்தார்.

என்ன என்று நான் கேட்கவில்லை. அலைபேசியை வைத்துவிட்டு, நான் இல்லாமலேயே என் வேலை நடக்கிறது என்று மகளிடம் சொன்னேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்த மனைவி, "அதுக்குத்தான் அங்கன போவச் சொன்னேன்" என்றாள்.

அடுத்த அழைப்பு ஐந்தாவது வாரம் வந்தது. சிரிப்பு இல்லை.

"சார், மீட்டரு கெட்டுப்போச்சு போல. நானூத்திப் பத்து காட்டுது."

நான்கு நாளில் நிலையத்தில் வேலையைப் புதுப்பிக்கச் சோதனைக் கழுவல் வைத்திருந்தார்கள். அதில் தேறினால் அடுத்த வருடமும் ஐந்து பேருக்கும் அந்த வேலை. தேறாவிட்டால் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்தான். அன்று சாயங்காலமே பேருந்து ஏறினேன்.

கொட்டகைக்குப் பின்னால் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி. அதை இயக்கும் மோட்டார் ஆப்பரேட்டர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். அவரிடம் பேசி, தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பதை ஒரு ஹோஸ் போட்டு இயந்திரத்துக்கு விட்டிருக்கிறார்கள். தொட்டிக்கு வருவது லோயர் கேம்ப்பில் இறங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான். குடிக்கக் கொடுக்கும் நல்ல தண்ணீர். ஊரில் காய்ச்சல் பரவியிருந்ததால் மாமன் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கரைத்திருந்தார். குளோரின் பட்டால் மெம்பரேனின் தோல் அரித்துவிடும். அரித்த தோல் எல்லாவற்றையும் விட்டுவிடும், ஆகவே தண்ணீர் கூடும். உள்ளே போனதே உப்பில்லாத தண்ணீர் என்பதால் ஓட்டை விழுந்தது மீட்டரில் தெரியவே இல்லை. நான் வருவதற்கு முந்தின நாள் தெருவில் குடத்தோடு நின்ற பெண்கள் ஹோஸைக் கண்டுபிடித்து, "நாங்க குடிக்கிற தண்ணியில கண்ணாடி கழுவுறீகளோ?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். மாமன் ஹோஸைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுபடி போர் தண்ணீரை ஊற்றியதும் மீட்டர் உண்மையைச் சொன்னது.

"எத்தன நாளு ஊத்துன?"

"முப்பத்தி நாலு நாளு சார். பதிவேட்டுல இருக்கு."

இருந்தது. அழகான கையெழுத்தில், "லோயர் கேம்ப் தண்ணி, சார் சொன்னபடி" என்று.

"கழுவுனா சரியாப் போயிருமா சார்?"

"கழுவுறதுக்கு அழுக்கு இல்லம்மா. தோலே போயிருச்சு."

பதிவேட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "என் தப்புதான் சார். ஒங்களக் கேக்காம ஊத்திட்டேன்."

கரித் தொட்டி மட்டும் அதன் இடத்தில் இருந்திருந்தால் மெம்பரேனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைக் கழற்றியவன் நான். கதவு வழியாக முற்றம் தெரிந்தது. தொட்டியின் மேல் ஒரு சேவல் நின்றது. நான், "குளோரின் அப்பிடித்தாம்மா" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

புது மெம்பரேன் கோயம்புத்தூரிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வாங்கும் நிலையிலும் அவர் இல்லை. இந்த நிலைக்கு எனக்குத் தெரிந்த நடைமுறை ஒன்றே ஒன்று: டேனிக் அமிலத்தைச் சுற்றவிட்டு ஓட்டைகளின் மேல் ஒட்டவைப்பது. தேயிலைக்குத் துவர்ப்பு கொடுக்கும் சரக்குதான். புத்தகத்தில் அது ஒட்டுப்போடும் வேலை, சில வாரம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மதுரைக்கு மறுபடி பேருந்து ஏறி ஓர் ஆய்வகக் கடையில் வாங்கி வந்தேன். இயந்திரத்தில் கறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து அதே பெண் கேட்டாள்.

"ஊறுகா முடிஞ்சு இப்ப டீயா சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

முதல் நாள் இருநூற்று அறுபது. இரண்டாம் நாள் நூற்று எண்பது. அதற்குமேல் இறங்கவில்லை. பாதிக்கு மேல் குறைத்திருந்தேன். ஆய்வகத்தில் என்றால் கை தட்டுவார்கள்.

சோதனைக்கு நானும் போனேன். நிலையத்தின் மேற்பார்வையாளர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். நூற்று எண்பது என்று எழுதிக்கொண்டார்.

"சேச்சி, ஒரு வரிசை கழுவுங்கோ. ஒணங்கட்டும், பாக்கலாம்."

ஐந்து பேரும் அன்று கழுவியதுபோல் கழுவி நான் பார்த்ததில்லை. ரப்பர் பட்டையால் வழித்ததில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. வெயில் ஏறியது. காய்ந்த கண்ணாடியில் விளிம்பிலிருந்து வெள்ளைப் புள்ளிகள் எழுந்து வந்தன.

"யாத்தா, அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றாள் ஊறுகாய் கேட்டவள், மெதுவாக.

மேற்பார்வையாளர் ஒரு புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. தண்ணீரே வேண்டாத, தானாக ஊர்ந்து பிரஷ் போடும் இயந்திரம் ஒரு கம்பெனி தருகிறதாம். கழுவல் சரியாக இருந்தால் இன்னும் ஒரு வருடம் இவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று மேலே எழுதியிருந்தாராம். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கொட்டகைக்குத் திரும்பியதும் நான் மெம்பரேன்களை அலசி, மருந்து நிரப்பி மூடினேன். நான்கு நாளுக்கு மேல் நிறுத்தினால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. இப்போதும் மாதம் ஒருமுறை போய் மருந்தை மாற்றுகிறேன். செத்த மெம்பரேன் கெடாமல் இருக்கிறது.

ஐந்து பேரும் இப்போது கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். விடிவதற்குள் ஜீப் வந்துவிடும். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர். போன மாதம் ஒரு நாள் நடைபயிற்சிக்குப் போனபோது நிறுத்தத்தில் கொட்டகைக்காரர் மட்டும் தூக்குவாளியோடு நின்றிருந்தார். சொல்லிவிடுவது என்று எத்தனையோ நாள் எண்ணியதை அன்று சொன்னேன்.

"ஏம்மா, அந்தத் தண்ணி ஊத்துனது ஒன் தப்பு இல்ல. அந்தக் கரித் தொட்டி இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அதக் கழட்டுனது நான்."

"தெரியும் சார்" என்றார். "நீங்க கழட்டையில ஸ்பேனர் புடிச்சுக்கிட்டு நின்னது யாரு? குளோரினு இருந்தாத்தான் இது வேணும்னு அன்னிக்கே சொன்னீகள்ல. எழுதியும் வச்சிருக்கேன். நீங்க மதுரையில இருந்து வந்து நின்னப்பவே பதிவேட்டப் பெரட்டிப் பாத்துட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க அதுக்கு ஒரு வெளக்கம் சொல்வீக. அன்னிக்கி அதக் கேக்குற தெம்பு எனக்கு இல்ல சார்."

ஜீப் வந்தது. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து அரை ஆள் இடம் கொடுத்தார்கள். அவர் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்குள் சேலை சிக்காமல் இழுத்துவிட்டார். என்னிடம் விளக்கம் இருந்தது. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, கரியில் பாசி வளரும், ஆகவே கழற்றியது சரி. ஜீப் திருப்பத்தில் மறையும் வரை அதை மனதுக்குள் ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். எங்கும் பிழை இல்லை.