வாங்க போ

எங்கள் அம்மா வீட்டு முகப்பில் கத்திரிக்காய்த் தோரணம் கட்டிய அன்று, காலை எட்டு மணிக்கே ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "கத்திரிக்கா கிலோ இன்னா வெல?" என்று கேட்டார். "விக்கிறதுக்கு இல்லீங்க, திருவிழா" என்றேன். "இன்னா திருவிழா?" என்றார். "பிலிப்பைன்ஸ் திருவிழா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முருங்கைக்காயாவது கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

என் தம்பி துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் செஞ்சிக்கே திரும்பிவிட்டான். பஜாரில் ஏசி, பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் அவனுக்கு அக்கா. இரண்டு தெரு தள்ளி என் வீடு, அதன் முன்பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஒரு நாளில் பாதி நேரம் நான் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்வார். உண்மையில் பாதிக்கு மேலேயே இருக்கும்.

தம்பி பொண்டாட்டிக்குச் சொந்த ஊர் மணிலாவிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். நெல் விளைகிற சின்ன ஊர். மே மாதம் அங்கே உழவர்களைக் காக்கிற புனிதருக்குத் திருவிழா. அவர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது தேவதூதர்கள் இறங்கி வந்து அவருக்குப் பதிலாக ஏர் ஓட்டுவார்களாம். அவள் போனில் காட்டிய படத்தை எங்கள் நைனா வெகுநேரம் பார்த்தார். "நானும்தான் தெனம் சாமி கும்பிட்றேன். களை எடுக்க ஒரு ஆள் வர மாட்டேங்குது" என்றார்.

அன்றைக்கு அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் நிலத்தில் விளைந்ததை எல்லாம் வீட்டு முகப்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். நெற்கதிர், பூசணி, வாழைத்தார், எது விளைந்ததோ அது. அப்புறம் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சாப்பிடலாம். அழைப்பு கிழைப்பு ஒன்றும் கிடையாது. முன்பின் தெரியாத ஆள் நுழைந்தாலும் முதலில் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் யார் என்று கேட்பார்களாம். அந்த நாளில் யாரும் நுழையாத வீடு என்றால் அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாதாம்.

இதைச் செஞ்சியில் நடத்தச் சொன்னது அவளுடைய அம்மா. அந்த அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமே இல்லை. "அந்த ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று வீடியோ காலில் தினமும் கேட்பார். "தெருவே எனக்குச் சொந்தம்தான்" என்று இவள் தினமும் புளுகுவாள். தெரு எங்கே சொந்தமாயிற்று? கேட்டில் நின்று பார்ப்பார்கள், சிரிப்பார்கள், ஒருத்தி ஒருதரம் அவள் முடியைத் தொட்டுப் பார்த்து ஷாம்பு பேர் கேட்டாள். அவ்வளவுதான். கடைசியில் அந்த அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "நம் திருவிழாவை உன் வீட்டில் வை. யாரையும் கூப்பிடாதே. கதவைத் திறந்து வைத்து எனக்குக் காட்டு. ஜனங்கள் வந்தால் நான் இனி வாயைத் திறக்க மாட்டேன். வராவிட்டால் நீ கிளம்பி வந்துவிடு." இவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். விளையாட்டுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் அவள் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுததை நானே கேட்டேன். என் தம்பிக்கு டென்ஷனில் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் கூப்பிடாமல் யார் வருவார்கள்? கூப்பிட்டாலே ஆயிரம் நொட்டை சொல்வார்கள். போனில் சொன்னால் நேரில் வரவில்லை என்பார்கள். நேரில் போய் வாசலில் நின்று சொன்னால் உள்ளே வந்து சொல்லவில்லை என்பார்கள். உள்ளே போய்ச் சொன்னால், குங்குமம் கொடுத்துச் சொன்னாளா பார் என்பார்கள். என் பெண்ணின் காதுகுத்துக்கு வாசலில் நின்று கூப்பிட்ட பாவத்துக்கு என் சின்ன மாமியார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அது நிம்மதியான வருஷம், அது வேறு கதை. ரகசியமாகப் போய் நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். இவள் என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சரி, நடப்பது நடக்கட்டும் என்று வேலையில் இறங்கினோம். அவலூர்பேட்டை சந்தையில் நானும் அவளும் காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பத்துப் புடலங்காயை நெட்டுக்கு நிறுத்திப் பிடித்திருந்தாள். கண்டக்டர் திரும்பும்போதெல்லாம் ஒன்று அவர் காதில் போய் இடித்தது. நைனா தன் கொல்லையிலிருந்து வேர்க்கடலைச் செடியைக் காயோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். அந்த ஊரில் முகப்பில் தொங்கவிட இன்னொரு சாமானும் உண்டு. அரிசி மாவை இலையில் மெல்லிசாகத் தேய்த்து, வேகவைத்து, உரித்துக் காயவைத்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கலர் கலராகக் கட்டுவார்கள். அதை வீடியோவில் பார்த்த அம்மா, "அடிப்பாவி, இது நம்ம எல வடாம்" என்று கத்தினாள். "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" அதுவரை இரண்டு பேரும் கையாலும் தலையாலும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மூன்று நாள் மொட்டை மாடியில் செஞ்சிப் பாறை வெயிலில் வடாம் காயவைத்து, இரண்டு பேரின் கையும் ரோஸ் கலராகி, ஆளுக்கு ஒரு பாஷையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தோம். கூடத்தில் மேஜை போட்டுச் சாப்பாடு பரத்தியிருந்தது. வினிகரில் ஊறவைத்துச் செய்த கோழி, நூடுல்ஸ், மெல்லிய மாவுத் தாளில் கறியும் காயும் சுருட்டிப் பொரித்த லும்பியா, இட்லி மாதிரி ஆவியில் வெந்த ஒரு தித்திப்புப் பலகாரம். அதற்கு அவர்கள் பாஷையில் புட்டோ என்று பேர். அம்மா அதைப் புட்டு என்றே சொன்னாள், யாரும் திருத்தவில்லை. போனைப் பூசணிக்காயில் சாய்த்து வாசல் தெரிகிற மாதிரி வைத்தோம். திரையில் அந்த அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் இரண்டு சித்திமார்கள். அங்கே பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது.

முதலில் வந்தது கோட்டைக் குரங்குகள். மூன்று. ஒன்று நேரே ஏறிப் பச்சை வடாம் மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து தின்றது. இன்னொன்று வெள்ளரிக்காயைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் நைனாமீது எறிந்தது. அம்மா துடைப்பத்தோடு ஓடினாள். திரையில் அந்த அம்மா, "அது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார். "விருந்தாளிகள்" என்றாள் இவள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பயம் வந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

பன்னிரண்டரை ஆயிற்று. வேடிக்கை பார்க்க மொத்தத் தெருவும் அவரவர் கேட்டில் நின்றது. எங்கள் கேட்டைத் தாண்ட ஒருத்தரும் இல்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் அவர் போகிற வீட்டுக்குத்தான் மற்றவர்கள் போவார்கள். மெதுவாகத் தெருவைக் கடந்து வந்து எங்கள் கேட்டில் கை வைத்தார். தம்பி பொண்டாட்டி வாசலுக்கு ஓடினாள். குனிந்து வணங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக முழுத் தமிழ் வாக்கியம் ஒன்றைச் சொன்னாள்.

"வாங்க போ! சாப்பிடுங்க போ!"

பெரியம்மா கை கேட்டிலேயே நின்றது. "இன்னாது?"

காது கேட்கவில்லை என்று நினைத்து இவள் இன்னும் சத்தமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "வாங்க போ!" என்றாள்.

"வாங்கன்னு ஒரு வாயி, போன்னு ஒரு வாயி! என் வயசுக்கு என்னப் 'போ'ன்றா பாரு!" பெரியம்மா திரும்பி நடந்து தன் கேட்டைப் படாரென்று சாத்தினார். தெருவில் ஒவ்வொரு தலையாக உள்ளே போயிற்று.

எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். நானும் அவளும் பேசுவது உடைந்த இங்கிலீஷ். கோபத்தில் அது பொடிப் பொடியானது. பெரியவர்களை யாராவது 'போ' என்பார்களா என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் மரியாதையாகத்தான் சொன்னேன். 'போ' போட்டுச் சொன்னேனே!" என்றாள். பூசணிக்காயிலிருந்து அவள் அம்மாவும் சேர்ந்து கத்தினார், என் மகள் 'போ' போட்டுத்தானே பேசினாள் என்று. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் பாஷையில் பெரியவர்களிடம் எதைச் சொன்னாலும் கூடவே ஒரு 'போ' போட வேண்டும். நன்றி போ, ஆமாம் போ, தண்ணீர் வேணுமா போ. போடாவிட்டால் சின்ன வயசில் வாயிலேயே அடி விழும். நாம் 'ங்க' போடுகிற வேலையை அங்கே 'போ' செய்கிறது. 'வாங்க' என்பதில் ஏற்கெனவே மரியாதை இருப்பது பாவம் அவளுக்குத் தெரியாது. எங்கள் தெருவிலேயே யாருக்கும் கிடைக்காத இரட்டை மரியாதை பெரியம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தக்காளி ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. நான் ஓடிப்போய் அந்த ஆளின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"தெருவுல இருக்கிற எல்லாருக்கும் ஒரு விஷயம். நான் யாரையும் சாப்டக் கூப்புடல. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் சொல்லிட்டுப் போயிட்றேன். எங்க தம்பி பொண்டாட்டி ஊர்ல போன்னா ஐயான்னு அர்த்தம், அம்மான்னு அர்த்தம். எதிர்வீட்டுப் பெரிம்மாவ அவ வாங்கம்மான்னுதான் சொன்னா. அவ்ளோதான்."

சத்தியத்தை நான் மீறவில்லை. கூப்பிடவில்லை என்றுதான் முதலிலேயே சொன்னேன்.

முதலில் ஒரு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். எதிர்க் கேட்டு திறந்தது. பெரியம்மா இடுப்பில் கை வைத்து, "ஏண்டி, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே தெருவைக் கடந்தார். வாசலில் நின்று, "நல்லா கீறியா போ?" என்று இவளிடம் கேட்டார். இவள் சிரித்துப் பதறி, சின்னவளுக்குப் 'போ' போடக் கூடாது என்று கையைக் கையை ஆட்டினாள். அதற்குள் அவருக்குப் பின்னால் தெருவே திரண்டுவிட்டது.

அப்புறம் வீடு ரெண்டுபட்டது. உக்காருங்க போ, தண்ணி குடுங்க போ, கோழி எங்க போ! நூடுல்ஸைக் கையால் தின்ன ஒருத்தர் பட்ட பாட்டைப் பார்த்து நைனாவுக்குப் புரையேறியது. மூன்றாம் வீட்டுக்காரர் தன் மனைவியிடம், "பாத்தியா, இருவது வருசமா போடி போடின்னு உனுக்கு மரியாததான் குடுத்துக்கினு இருந்தேன்" என்றார். அவர் மனைவி புட்டோவால் அவரை அடித்தாள். தக்காளி ஆட்டோக்காரர் இரண்டு தடவை சாப்பிட்டார். வெளியே அவர் ஸ்பீக்கர் தனியாகத் தக்காளி தக்காளி என்று கத்திக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் திரையில் அந்த அம்மா சிரிக்கவில்லை. கட்டின கையை அவிழ்க்கவில்லை. இவள் போன் பக்கத்தில் போய்ப் பேசிவிட்டுத் தொங்கின முகத்தோடு வந்தாள். "வெளிநாட்டுக்காரியை வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வரும் என்று சொல்கிறார்" என்றாள். இதற்கு மேல் என்ன செய்வது?

அப்போது பெரியம்மா சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். லும்பியா தட்டிலிருந்து ஆறை எடுத்து முந்தானையில் வைத்து முடிந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்காரருக்குடி. அவரு கௌரவம் பாத்துக்கினு வர மாட்டாரு" என்றார். எனக்கு மானம் போயிற்று. போன் நேரே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மறைக்கலாம் என்று பாய்ந்தேன். அதற்குள் திரையில் ஒரு பெரிய கத்தல். அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, சித்திமார்களைப் பிடித்து இழுத்து, பெரியம்மாவின் முந்தானையைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

தம்பி பொண்டாட்டி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அங்கே விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், அண்ணி. கேட்காமல் எடுத்து வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான்" என்றாள். திரையில் அந்த அம்மா இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினார், இன்னும் எடு, இன்னும் எடு என்று. "இன்னா சொல்லுது அந்தம்மா?" என்றார் பெரியம்மா. நான் சொன்னேன். அவர் கூச்சமே இல்லாமல் முடிச்சை அவிழ்த்து இன்னும் நாலு வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா இவளிடம் தணிந்த குரலில் என்னவோ பேசினார். இவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். என்ன என்று கேட்டேன். எட்டு மாதமாக இவளுடைய அறையை வாராவாரம் பெருக்கி, படுக்கையில் புது விரிப்புப் போட்டு வைத்துக்கொண்டிருந்தாராம். இன்றைக்குச் சாயங்காலம் அதை இவள் தங்கைக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள்.

திடீரென்று மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்ப் போனைப் பிடுங்கி, வீடே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவர்கள் பாஷையில் கத்த ஆரம்பித்தாள். என் தம்பி குழம்புக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தான். "இன்னா ஆச்சு? போறேன்றாளா?"

கொஞ்சம் கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "அறைய எடுத்துக்கட்டும், பீரோவத் தொடக் கூடாதுன்றா. அவ தங்கச்சி இவ டிரஸ்ஸ எல்லாம் போட்டுக்குவாளாம்."

நான் திரையை எட்டிப் பார்த்தேன். தங்கை ஏற்கெனவே ஒரு மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.