திருப்புறம் கிணற்றில் இரண்டு டார்ச் பேட்டரி

பூவார் போக வழி கேட்டு எழுதுகிறீர்கள். நான் அந்தப் பக்கம் முதலில் போனது படகு ஏற அல்ல, கிணறு பார்க்க. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் மாதம். விஷவாயு வந்தால் கத்தும் சிறு பெட்டி ஒன்றை ஆய்வகத்தில் செய்திருந்தோம். முந்தைய பெட்டிக்குக் கார் பேட்டரி வேண்டும், இதற்கு இரண்டு டார்ச் பேட்டரி போதும். மேசைமேல் நன்றாகத்தான் கத்தியது. கிணற்றில் கத்துமா என்பதுதான் கவலை.

காலை ஆறுக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். பாறசாலை, அமரவிளை தாண்டி எட்டு மணிக்கு நெய்யாற்றின்கரை. அங்கிருந்து பூவார் போகும் வழியில் உள்ள திருப்புறத்துக்கு ஆட்டோ, முப்பது ரூபாய். "இது ரேடியோ ஆக்குமா?" என்றார் டிரைவர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கிணறு தூர்வாரும் ஞானதாஸ் காத்திருந்தார். பக்கத்திலேயே தேங்காய் மட்டை ஊறப்போடும் குழி. அந்த அழுகல் கிணற்றடிச் சேற்றில் வாயுவாகத் தங்கும். அவர் முதலில் மண்ணெண்ணெய் விளக்கை இறக்குவார், அணையாவிட்டால் இறங்குவார். நான் மகா புத்திசாலி, அதே கயிற்றில் பெட்டியையும் கட்டினேன். விளக்கு ஜம்மென்று எரிந்தது, பெட்டி அலறியது.

"சாரே, உம்ம பெட்டிக்கு எங்க வெளக்கக் கண்டா பயம் ஆக்கும்," என்றார். அவர் மனைவி ரோசம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். மண்ணெண்ணெய் ஆவிக்கும் பெட்டி கத்தும். அது தெரிந்தும் மறந்ததில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

விளக்கை மேலே எடுத்து, பெட்டியை மட்டும் இறக்கினேன். சத்தமில்லை. ஞானதாஸ் இறங்கிச் சேறு அள்ளினார். இருபதாவது நிமிடம் பெட்டி கத்தியது. ஏறச் சொன்னேன்.

"வெளக்கு எரிஞ்சதில்லா சாரே," என்றார் கீழிருந்து.

ரோசம்மா இப்போது சிரிக்கவில்லை. "நீரு ஏறி வாரும். சண்டைய பொறவு போடலாம்."

முணுமுணுத்தபடி ஏறினார். பின்னாலேயே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. சந்தேகம் தீர விளக்கை மறுபடி இறக்கினார். அது அப்போதும் அணையவில்லை. ஆளைக் கொல்லும் அந்த வாயு விளக்கை அணைக்காது. மனிதர் விளக்கை இழுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

பிறகு வாயு கலைய மாங்கிளையைக் கயிற்றில் கட்டி, பெட்டி அடங்கும்வரை கிணற்றுக்குள் மேலும் கீழும் அடித்தோம். அவர் மறுபடி இறங்கினார். மூன்று மணிக்கு வேலை முடிந்து தண்ணீர் ஊறியது. பேட்டரியும் தீரவில்லை. துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. ரோசம்மா வைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அன்று ருசித்ததுபோல் பிறகு ருசித்ததில்லை.

கிளம்பும்போது ஞானதாஸ் பெட்டியை விடவில்லை. "இது இங்க கெடக்கட்டு. வேணும்னா வெளக்கக் கொண்டு போவும்."

கொடுத்துவிட்டு வந்தேன். ஆய்வகத்தில் திட்டு விழுந்தது, அது வேறு கதை.

போகிறவர்களுக்கு: ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் என்பதை மறந்துவிடுங்கள். மரச்சீனியைத் தவறவிடாதீர்கள். விளக்கு எரிகிறது, கிணற்றில் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் இறங்காதீர்கள். அந்த விளக்கு என் வீட்டில்தான் இருக்கிறது. இன்றும் ஜம்மென்று எரியும்.