பூசணிக்காய் பறந்த கார்

அண்ணன் வாங்கியது பழைய கார்தான். ஆனால் செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார்! முன்சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம். அண்ணன் ஓட்ட, அண்ணி ஓரமாக உட்கார, நடுவில் அவர்களுடைய இரண்டு வயது மகள் டேஷ்போர்டைப் பிடித்து நின்றுகொண்டே வருவாள். அந்தக் காலத்தில் எல்லார் காரிலும் குழந்தைக்கு அதுதான் ராஜ இடம். பின்சீட்டிலிருந்து நானோ ஒவ்வொரு பிரேக்குக்கும் அவளைப் பிடிக்கக் கை நீட்டுவேன். கல்லூரி நூலகத்தில், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருந்தேன்: பின்சீட்டில் குட்டி நாற்காலி, தோளிலும் இடுப்பிலும் பட்டை, உள்ளே சிரிக்கும் குழந்தை. நம் பாப்பாவுக்கும் ஒன்று செய்தே தீருவது!

ஞாயிறு மாமல்லபுரம் பயணம். அதற்குள் முடிக்க வேண்டும். பிரம்பு நாற்காலியின் கால்களை அறுத்தேன். கட்டில் நாடாவைப் பட்டையாகத் தைத்தேன். எல்லாவற்றையும் பின்சீட்டு மெத்தையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.

“கொயந்தைய இன்னா கன்னுக்குட்டின்னு நெனச்சிகினியா தம்பி, கட்டிப் போட?” என்றார் அண்ணி. “பக்கத்துல நான் கீறேன். புடிச்சிக்க மாட்டேனா?”

“இஞ்சினியருக்குப் படிக்கிறான்ல. வூட்ல கீற நாற்காலிய எல்லாம் அறுத்துடுவான்,” என்றார் அண்ணன்.

பேசிப் பயனில்லை, செய்து காட்டிவிடலாம். பாப்பாவுக்குப் பதில் யாரை உட்கார வைப்பது? காருக்குத் திருஷ்டி சுற்றி உடைக்க வாங்கிய பூசணிக்காய் கூடத்தில் கிடந்தது. பாப்பாவைப் போலவே கொழுகொழு! நாற்காலியில் வைத்துப் பட்டையை மாட்டினேன்.

ஏரிக்கரைத் திடல். அண்ணி குழந்தையோடு ஒதுங்கி நின்றார். அண்ணன் வேகமெடுக்க, பின்னாலிருந்து கத்தினேன்: “பிரேக்!”

மெத்தையே பெயர்ந்து எழுந்தது. நாற்காலி குப்புற விழ, பூசணிக்காய் நழுவிப் பறந்து, முன்சீட்டைத் தாண்டி டேஷ்போர்டில் மோதிச் சிதறியது. அண்ணன் மீசையெல்லாம் விதை.

“போச்சுடா! திருஷ்டி உள்ளாறயே கழிஞ்சிச்சி!” என்று அவர் சிரித்தார்.

ஓடிவந்த அண்ணி சிரிக்கவில்லை. காய் உடைந்த இடத்தையே பார்த்தார்.

“இங்கதான நம்ம பாப்பா நிக்கும்?”

அண்ணன் சிரிப்பும் நின்றது.

என் தவறு உடனே புரிந்தது. அந்தக் காரில் பின்சீட்டு மெத்தை வெறுமனே பொருத்தி வைத்ததுதான். தூக்கினால் கையோடு வந்துவிடும். நான் கட்டியது மெத்தையில், காரில் அல்ல! மறுநாளே பட்டறையில் பின்பக்க இரும்புத் தகட்டைத் துளைத்து, போல்ட் முறுக்கி, நாற்காலியையும் பட்டைகளையும் அதில் பிணைத்தேன். இரண்டாவது பூசணிக்காயை மார்க்கெட்டிலிருந்து அண்ணியே சுமந்து வந்தார். இந்த முறை பிரேக் பிடித்தபோது அது அசையவே இல்லை. நான் திடலில் குதித்தே விட்டேன்!

ஞாயிறு. அந்தக் காயையே சக்கரத்தின் முன் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலையில் ஆட்டு மந்தை பாய்ந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். அண்ணியின் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. என் மூக்கு முன்சீட்டில் மோதியது. அவர்கள் இருவருக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது.

என் பக்கத்திலிருந்து குரல்: “இன்னொரு தபா சித்தப்பா!”

பட்டைக்குள் பாப்பா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மாமல்லபுரம் வரை அண்ணி நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டே வந்தார். கடல் தெரிந்ததும் திரும்பினார்.

“தம்பி, எனக்கும் ஒரு பட்டை போட்டுடு.”

“கன்னுக்குட்டிக்கு மட்டுந்தான் அண்ணி செய்வேன்.”

“பசுவுக்கும் ஒண்ணு போடு. வண்டி ஓட்டிகினு கீதே, அந்தக் காளைக்கும் ஒண்ணு!”