செக்கிங் மிஸ்ஸின் நீலக் கொப்பி

பிள்ளைகளே, நான் என் வாழ்க்கையில் ஒரேயொரு பொருளைத்தான் திருடியிருக்கிறேன். அது நீல மட்டை போட்ட ஒரு கொப்பி, குறிப்பெழுதுகிற நோட்டு. திருடியது சரியென்று சொல்ல வரவில்லை. ஏன் திருடினேன் என்று கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. சண்டை முடிந்து, இந்தியாவில் இருந்த அகதி முகாமை விட்டு நாங்கள் எங்கள் சொந்தக் கடற்கரை ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் தம்பிக்கு ஐந்து வயது. ஒரு சொல்லும் பேசமாட்டான். அப்பாவின் பழைய வலையிலிருந்து கழற்றிய மிதவைகளை முற்றத்து மணலில் நாள் முழுக்க வரிசையாக அடுக்குவான். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் மட்டும் தலையை நிலத்தில் மோதி அலறுவான். அதனால் மணி அடிக்கிறவரின் சைக்கிள் எங்கள் ஒழுங்கையால் போவதைக் கண்டதும் நான் ஓடிப்போய் அவனைப் பிடிப்பேன். அவன் முதுகு என் நெஞ்சில் படும்படி மடியில் இருத்தி, இரண்டு காதையும் பொத்தி, மணி ஓயும்வரை மூக்கால் "ம்ம்ம்" என்று முனகுவேன். யாரும் எனக்குச் சொல்லித் தந்த வேலையில்லை அது.

ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸ் தம்பியைப் பார்க்க வருவார் என்று தகவல் வந்தது. சிறுவர் உளவியல் படித்தவராம். தம்பியைப் போன்ற பிள்ளைகளுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் உதவுவாராம். உதவி என்றதும் அம்மா முதல் வேலையாகக் குடும்ப அட்டையைத் தேடி எடுத்தார். முகாமில் அடிக்கடி 'செக்கிங்' நடக்கும். அதிகாரி கொப்பியோடு வருவார். எல்லோரும் வரிசையில் நின்று முகம் காட்ட வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் பதிவை வெட்டிவிடுவார்கள். கொப்பி கொண்டுவருகிற ஆட்களில் எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வகைதான்.

ஆகவே அம்மா எங்களுக்கு எண்ணெய் பூசித் தலை வாரி இழுத்து, அப்பா, நான், தம்பி என்று வயதுப்படி முற்றத்தில் நிறுத்தினார். தானும் குடும்ப அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்த மிஸ் வேலிப் படலையடியிலேயே திகைத்து நின்றுவிட்டார். "ஏன் எல்லாரும் வரிசையில நிக்கிறீங்கள்?"

"எல்லாரும் இருக்கிறம், மிஸ். ஒருத்தரும் குறையேல்லை," என்றார் அம்மா.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்ட கதிரையில் அவர் உட்காரவில்லை. மணலில் தம்பிக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தார். ஒரு மிதவையை எடுத்து அவன் வரிசையின் வாலில் வைத்தார். அவன் அதைத் தூக்கி எறிந்தான். அவர் கொப்பியில் ஏதோ எழுதினார். எங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியும். கேட்காமல் எழுதுகிறவரை என்ன செய்வது?

அவர் போனபின் மாமா வந்தார். "கவனம் அக்கா. இப்ப பேர் கொப்பியில ஏறும், பிறகு ஆள் வாகனத்தில ஏறும். எங்கேயாவது விடுதியில கொண்டுபோய் விட்டிடுவினம்."

"வாயைக் கழுவு," என்றார் அம்மா. ஆனால் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் கண்டதும் மாமா சொன்னது உண்மைதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

மிஸ் அடுத்த சனியும் வந்தார், அதற்கடுத்த சனியும் வந்தார். நான் வேலியோரம் நின்று அவருடைய பேனையையே பார்த்தேன். தம்பியைப் பார்க்கும்போது கொஞ்சம் எழுதினார். என்னைப் பார்த்துவிட்டு நிறைய எழுதினார். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

நாலாம் சனி, அவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துக் கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். ஓட்டை விழுந்து கவிழ்த்துப்போட்ட ஒரு தோணிக்குக் கீழே புகுந்து வாசித்தேன்.

'அண்ணன் மணிக்கு முன்பே தம்பியைப் பிடிக்கிறான். அண்ணன் தம்பியின் சோற்றில் குழம்பு படாமல் வைக்கிறான். மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டும் அண்ணன் விளையாடப் போகவில்லை.' பக்கத்துக்குப் பக்கம் அண்ணன், அண்ணன், அண்ணன். கடைசி வரியின் கீழ் கோடு இழுத்திருந்தது: 'அண்ணனோடு தனியாக இருந்து கதைக்க வேண்டும்.'

வாகனத்தில் ஏற்றப்போவது தம்பியை அல்ல, என்னை! இரவுவரை தோணியை விட்டு வெளியே வருவதில்லை என்று தீர்மானித்தேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. மணி அடிக்கிறவர்.

என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும் என்று கொப்பியை மறுபடி சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். பாதி வழியிலேயே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அலறல் கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

முற்றத்தில் தம்பி மிஸ்ஸின் மடியில் இருந்தான். முதுகு அவர் நெஞ்சில் சாய்ந்திருந்தது. இரண்டு காதும் பொத்தியிருந்தன. மிஸ் மூக்கால் முனகிக்கொண்டிருந்தார், அச்சாக என்னைப் போலவே. அம்மா குனிந்து நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையையும் திருடிவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. கொப்பி என் சட்டைக்குள் இருந்ததை நான் மறந்துவிட்டேன்.

மணி ஓய்ந்தது. மிஸ் என் வயிற்றில் புடைத்துக்கொண்டிருந்த நீல மட்டையைப் பார்த்தார். "முழுக்க வாசிச்சிட்டீங்களோ?"

"ஓம்."

"பிழை இருந்தால் திருத்தித் தாங்கோ," என்று பேனையை நீட்டினார்.

பேனையை நீட்டுகிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். ஆனாலும் ஒரு பிழை உண்மையிலேயே இருந்தது. 'குழம்பு படலாம், மீன்தான் படக்கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். என் பெயரை மட்டும் எழுதவில்லை. அவ்வளவு உசார்.

அடுத்த சனி மணி அடித்தபோது அம்மா தம்பியின் காதைப் பொத்தினார். முதலில் கொஞ்சம் திமிறினான், பிறகு சாய்ந்துவிட்டான். "நீங்கள் போய்ப் பந்தடியுங்கோ," என்றார் மிஸ். என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனை ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்து, வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே விளையாடினேன். இரண்டு கோல் விட்டேன், நல்ல ஏச்சும் வாங்கினேன். என்னை அந்தப் பந்தடிக்கு அனுப்புவதற்கும் சேர்த்துத்தான் அவர் அத்தனை சனிக்கிழமையும் மணலில் இருந்தார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.