வீரம்மா மீட்டு வந்த வெள்ளைப் பெட்டி

வீரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது; கை வேலை வேகமாகும். 2008 தீபாவளிக்கு மறுநாள் காலை அவள் தேங்காய் திருவிய சத்தத்திலேயே, ஏதோ நடந்துவிட்டதென்று நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசை முழுவதும் தெரிந்துகொண்டது.

கொழும்பில் போன் கடையில் வேலை செய்யும் மகன் லோஜன், பண்டிகைக்கு வந்த இடத்தில், வீட்டிலிருந்த வெள்ளை வீடியோ விளையாட்டுப் பெட்டியை ஹட்டனில் ஒரு கடைக்குக் கொடுத்துவிட்டான். அதற்குப் பதிலாக ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து டீவியில் பூட்டியிருந்தான்.

"படத்த பாருங்கம்மா. புல்லு ஒவ்வொன்னும் தனித்தனியா ஆடுது. இதான் புது தலமுறை."

"புல்லு ஆடட்டும். ஒங்கப்பா கை ஆடுமா?"

வீரம்மா பதினாறு வயதில் கொழுந்துக் கூடை சுமந்தவள். நாற்பதை நெருங்கும்போது கண்டியில் முதியோர் பராமரிப்பு படித்துவிட்டுச் சைப்பிரசுக்குப் போனாள். பதின்மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டினாள், குளிப்பாட்டினாள், நடக்க வைத்தாள். கடைசியாகப் பார்த்த கிழவிக்குப் பக்கவாதம். பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கிழவி, பேரன் வாங்கிவந்த வெள்ளைப் பெட்டிக்கு மட்டும் மசிந்தாள். கையில் ஒரு குச்சியைப் பிடித்து வீசினால் திரையில் பந்து உருளும், அவ்வளவுதான். அந்தப் பந்துக்காகக் கிழவி கையைத் தூக்கினாள். அவள் இறந்ததும் பெட்டியை அந்தக் குடும்பம் வீரம்மாவிடமே கொடுத்து அனுப்பியது.

ஊர் திரும்பிய நான்காம் மாதம் புருஷன் சிவசாமிக்கும் அதே நோய். முப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடிகளை வெட்டிய வலது கை, மடியில் துணி மூட்டை மாதிரிக் கிடந்தது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றார். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டார். கஞ்சியை மட்டும் குழல் வைத்துக் குடித்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை, "நான் என்னா கைக்கொழந்தையா?" என்று மூலையில் எறிந்தார்.

வீரம்மா கெஞ்சவில்லை. குச்சியை அவர் உள்ளங்கையில் துணிப்பட்டையால் கட்டினாள். கவ்வாத்து மலையில் அவரோடு போட்டி போட்ட பக்கத்து வீட்டுப் பழனியாண்டியைக் கூட்டிவந்து இன்னொரு குச்சியைக் கொடுத்தாள்.

"என்னா சிவசாமி, கத்திய வச்சதோட வீரமும் போச்சா?"

அந்தக் கேள்வி போதுமாயிருந்தது. காலையும் மாலையும் இரண்டு கிழவர்களும் திட்டிக்கொண்டே பந்து உருட்டினார்கள். மூன்று மாதத்தில் கை நெஞ்சு வரை ஏறியது. வாய்க்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

அந்த ஒரு சாணைத்தான் லோஜன் ஹட்டனில் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

கறுப்புப் பெட்டியை அவன் தலையிலேயே ஏற்றி, அவனையும் கூட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் வீரம்மா ஹட்டனுக்குப் புறப்பட்டாள். கடைக்காரர் கஜதீபன், அங்கே வாத்தியாராக வந்து தங்கிவிட்ட ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் மகன்.

"அம்மா, உங்கட மகன் நல்ல வேலைதான் செய்திருக்கிறார். அந்த வெள்ளையில படம் மங்கல். அது சின்னப் பிள்ளையளின்ர சாமான். இதின்ர வேகத்தைப் பாருங்கோ, எத்தினை பொத்தான்!"

"அத்தன பொத்தானுக்கும் எத்தன கை வேணும் தம்பி?"

"ரெண்டுதான். எல்லாருக்கும் ரெண்டு கைதானே."

"வலது கைய முதுகுக்குப் பின்னால வைங்க. இப்ப வெளையாடுங்க."

"அம்மா, விடுங்கம்மா," என்றான் லோஜன்.

"நீ பேசாத."

கஜதீபன் சிரித்துக்கொண்டே இடது கையால் தொடங்கினார். திரையில் அவருடைய கார் சுவரில் முட்டியது. மறுபடி முட்டியது. மூன்றாவது தடவை சிரிப்பு நின்றது.

"ஒரு கையால எப்பிடி அம்மா விளையாடுறது?"

"அதத்தான் கேக்குறேன். வருஷா வருஷம் படத்த அழகாக்குறானுங்க, பொத்தான கூட்டுறானுங்க. பத்து வெரலும் நல்லா இருக்கவனுக்கே இன்னும் கொஞ்சம். அத புதுசுன்னு விக்கிறீங்க. எங்க வீட்டு மனுசன் கைய தூக்க வச்ச பெட்டி ஒங்களுக்குப் பழசு!"

"குடுத்தது குடுத்ததுதான் அம்மா. கடை வழக்கம்."

"சரி." வீரம்மா முக்காலியை இழுத்து வாசலை மறித்து உட்கார்ந்தாள். "வர்றவங்க எல்லாருகிட்டயும் ஒரு கைய மடக்கிட்டு வெளையாடிப் பாக்கச் சொல்றேன். எனக்கு நோர்வூட் பஸ் சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கஜதீபன் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.

திரும்பும் பஸ்ஸில் லோஜன் வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்திருந்தான். "நல்லதுன்னு நெனச்சேம்மா."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"இல்ல."

"புல்லு ஆடுதுன்னு காட்டுனியே, அப்ப அவரு மொகத்த பாத்தியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அவனைத் தேற்றவில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம், சிவசாமி தட்டைத் தன் பக்கம் இழுத்தார். விரல்கள் சோற்றை அள்ளின. கை நடுங்கி நடுங்கி மேலே போனது. பாதி மடியில், சாரத்தின்மேல் கொட்டியது. மீதி வாய்க்குள் போனது. துடைக்க வருவாளா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சிந்துனத நீங்களே பொறுக்குங்க."

"ஒரு வாய் தின்னதுக்கே அதிகாரமா?"

அந்நேரம் போன் அடித்தது. கொழும்பிலிருந்து லோஜன். "அப்பா எப்டிம்மா இருக்காரு?"

"சாப்புட்டுகிட்டு இருக்காரு. கையால," என்றாள் வீரம்மா. "பெறகு பேசு." போனை வைத்துவிட்டு, அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.