பதினான்கு கதவுகளின் உடன்படிக்கை

கிரெசென்சியா ஓல்மேதோவை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெயரைச் சுருக்கி, ‘அம்மா’ என்பதுபோல் மரியாதைக்கு முன்னால் ஒரு ‘தோன்யா’ சேர்த்து, தோன்யா செஞ்சா, அவ்வளவுதான். தலைநகரின் த்லாதெலோல்கோ பகுதியில் வெளியுறவு அமைச்சகத்தின் உயர்ந்த கட்டடத்தில் தட்டச்சர். குரேரோ பேட்டையில், பதினான்கு குடும்பங்களுக்கு ஒரே முற்றமும் ஒரே தண்ணீர்த் தொட்டியுமாக இருந்த எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஐந்தாம் எண் கதவு அவருடையது. மூன்றாம் எண் என்னுடையது.

ஜூலை பதினாறு எங்கள் முற்றத்து கார்மென் மாதாவின் திருநாள். நண்பகல் மணி அடித்ததும் வாணம் விடுவோம். துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். 1966இல் அப்படி மேலே போன குண்டு ஒன்று கீழே வந்து, செஞ்சாவின் எட்டு வயது மகள் நியேவெஸின் தோளைக் கிழித்தது. சுட்டவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே தன் குண்டு இல்லை என்றார்கள்.

காயம் ஆறிவிட்டது. ஆனால் நியேவெஸ் அதற்குப் பிறகு முற்றத்தின் நடுவில் நடக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போக, தண்ணீர் எடுக்க, எதற்கும் சுவரை ஒட்டியே ஓடுவாள். அடுத்த திருநாளுக்குள் துப்பாக்கிகள் வெளியே போயாக வேண்டும் என்று செஞ்சா கதவு கதவாக ஏறி இறங்கினார்.

“அவன் முதல்ல குடுக்கட்டும், நான் குடுக்கறேன்” என்றார் ஓய்வுபெற்ற ரயில்காரர் அபுந்தியோ. அவர் கை காட்டியது தச்சர் மெல்கியாதெஸை. தச்சரோ, “பதினாலு வீடும் ஒத்துக்கிட்டா சொல்லுங்க. அதுவரைக்கும் என் வாசல்ல நிக்காதீங்க” என்றார்.

1967 தொடக்கத்தில் லத்தீன் அமெரிக்க நாடுகள், எங்கள் மண்ணில் அணுகுண்டு வேண்டாம் என்று கூடி ஓர் உடன்படிக்கை எழுதின. திருத்தம் வரும்போதெல்லாம் அதை மறுபடி மறுபடி அடித்த தட்டச்சர்களில் செஞ்சாவும் ஒருவர். எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும் என்பதுபோல, அது நடைமுறைக்கு வர நிபந்தனைகள் பல உண்டு. அவை நிறைவேறும்வரை காத்திருக்க விரும்பாத நாடு, தன்னளவில் அதை அப்போதே நடைமுறைப்படுத்தலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது. விரல்கள் பல முறை அடித்திருந்த அந்தப் பிரிவு, ஜூன் மாதம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் தலைக்குள் இறங்கியது. சோப்புக் கையோடு எழுந்து உள்ளே போய், எங்கள் முற்றத்துக்கும் ஓர் உடன்படிக்கையைக் கார்பன் தாள் வைத்து அடிக்க ஆரம்பித்தார்: துப்பாக்கி வைத்திருக்க மாட்டேன், மற்ற கதவுகளுக்காகக் காத்திருக்கவும் மாட்டேன்.

முதல் கையெழுத்து அவருடையது. அடுத்து நான்.

“எங்கிட்ட துப்பாக்கியே இல்லையே, நான் எதுக்குப் போடணும்?” என்றேன்.

“இனிமே வாங்க மாட்டேன்னு போடுங்க. இல்லாதவங்க எட்டுப் பேர் சேர்ந்தா, இருக்கறவங்க ஆறு பேர்தான் தனியா நிப்பாங்க.”

அப்படித்தான் நடந்தது. எட்டுக் கதவுகள் கையெழுத்திட்டதும் அபுந்தியோ எட்டிப் பார்த்தார். “இந்தக் காகிதத்துல என் பேரை ஏன் விட்டு வெச்சிருக்க?” என்று முறைத்தபடியே போட்டுக் கொடுத்து, துப்பாக்கியைப் புவேப்லாவில் இருந்த தம்பி வீட்டுக்கு அனுப்பினார். மூன்று பேர் தொடர்ந்தார்கள். ஒன்பதாம் எண் சிப்ரியானோவிடம் மட்டும் இழுபறி.

“தோன்யா, அது என்னுதில்ல. எதிர்த்த கறிக்கடை பார்ராகானோடது. நான் சும்மா வெச்சிருக்கேன்.”

“அடுத்தவங்களுதை வெச்சிருக்கறதும் கூடாது. மூணாவது வரியப் படிங்க.”

“இதையெல்லாம் யார் யோசிச்சாங்க?”

“இருபது நாடு யோசிச்சிருக்கு. நீங்க கையெழுத்தைப் போடுங்க.”

போட்டார்; துப்பாக்கி கறிக்கடைக்கே திரும்பிப் போனது.

கறிக்கடைக்காரர் பார்ராகான் எங்கள் முற்றத்துக்காரர் இல்லை. ஆனால் அவர் மாடியிலிருந்து சுட்டால் குண்டு எங்கள் தலையில்தான் விழும். அவருக்கென்று செஞ்சா தனியாக ஒரு தாள் அடித்தார்: இந்த முற்றத்தின் மேல் சுடமாட்டேன், சுடுவேன் என்று மிரட்டவும் மாட்டேன். நாடுகளின் உடன்படிக்கையிலும் அணுகுண்டு வைத்திருந்த வெளி வல்லரசுகளுக்கென்று அப்படி ஒரு தனித் தாள் இருந்தது. தலைப்பில் பெரிய எழுத்தில் ‘வெளி வல்லரசு’.

பார்ராகான் அதை இரண்டு முறை படித்தார். “வல்லரசா? என் பொண்டாட்டிகிட்டயும் ஒரு நகல் குடுங்க.” கையெழுத்துக்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: முற்றத்திலிருந்து யாராவது முதலில் சுட்டால் இந்த வாக்கு என்னைக் கட்டுப்படுத்தாது.

“இது என்னங்க புதுசா?” என்று நான் கேட்டேன்.

“வல்லரசுங்க அப்படித்தான் எழுதுவாங்க” என்றார் செஞ்சா. “எழுதட்டும். நாம முதல்ல சுடாம இருந்தா போதும்.”

முற்றத்துத் தாளில் கையெழுத்துக்கு மீதி ஒரு கோடு. பதினொன்றாம் எண், தச்சர் மெல்கியாதெஸ். அது காலியாகவே இருக்க, திருநாள் வந்துவிட்டது.

நண்பகல் மணி அடித்தது. வாணங்கள் போயின. பதினொன்றாம் கதவு திறந்து, ரிவால்வரோடு மெல்கியாதெஸ் வந்து நின்றார். எதிர் மாடியில் பார்ராகான் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நியேவெஸ் ஐந்தாம் எண்ணின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

“என்ன பார்க்கறீங்க?” என்றார் தச்சர்.

“உங்க குண்டு எங்க விழுதுன்னு பார்க்கறோம்” என்றார் அபுந்தியோ. “இந்த வருஷம் யாரோடதுன்னு குழப்பமே இருக்காது பாருங்க.”

மெல்கியாதெஸ் வானத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஜன்னலைப் பார்த்தார். ஆறு பேர் சுட்டபோது குண்டுக்குச் சொந்தக்காரன் இல்லை. ஒருவன் மட்டும் சுட்டால் உண்டு. கணக்கு அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். “மருந்து நமத்துப் போயிருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, வான்கோழிக் குழம்புக்கான வரிசையில் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. செஞ்சா கண்ணாலேயே தடுத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நியேவெஸ் கதவைத் திறந்தாள்.

“அவர் கையெழுத்துப் போட்டுட்டாராம்மா?”

“இன்னும் இல்ல.”

“அப்புறம்?”

“சுடல. அது போதும் இன்னைக்கு.”

அவள் யோசித்தாள். பிறகு வாசற்படி இறங்கி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, முற்றத்தின் குறுக்காக நேராக நடந்து போய், வரிசையில் தச்சருக்குப் பின்னால் தட்டோடு நின்றாள். அவர் திரும்பிப் பார்த்து, ஒதுங்கி, அவளை முன்னால் விட்டார்.