ஷபீ பாய் வேண்டாம் என்ற ஐந்தாவது வண்டி

பழைய கார் பார்க்கப் போனால் ஷபீ அஹமது பாய் முதலில் காரைப் பார்க்கமாட்டார். அது நிற்கும் தரையைப் பார்ப்பார். ஆயில் சொட்டிய கறை இருக்கிறதா, கறைமேல் யாராவது புதிதாக மண் தூவியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். "ஆறிப்போன வண்டி காத்தால எப்படி எழுந்துக்குதுன்னு பாக்கணும்மா. உனக்கு தினம் அதானே வேல?" என்பார்.

நான் யோகலட்சுமி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். எட்டு மணி நேரமும் அடுத்தவர் தையலில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. வீட்டிலும் என் வாய் கொஞ்சம் அப்படித்தான். ஆலங்காயத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. புதுக் கார் வாங்கேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்தக் காலத்து ஃபியட் பத்மினிதான் வேண்டும். பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு ஆசைக்கு ஊரெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

ஷபீ பாய் ஆம்பூரில் முப்பது வருடம் டிங்கரிங் வேலை பார்த்தவர். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துவார், துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் போடுவார். இப்போது வயது அறுபத்திரண்டு. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் பட்டறையை மூடிவிட்டார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் கூட வந்து பார்த்துச் சொல்வார். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். டார்ச், ஸ்குரூடிரைவர், விரித்துப் படுக்க ஒரு கோணிப்பை, அப்புறம் குழந்தை சாக்ஸுக்குள் போட்டுக் கட்டிய ஒரு காந்தம். பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்றுதான் சாக்ஸ். கதவின் அடிப்பக்கம் காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

எனக்காக அவர் நான்கு வண்டிகள் பார்த்தார். வாலாஜாபேட்டை வண்டியில் ஆயில் மூடியின் உட்புறம் பாலாடை மாதிரி வெள்ளையாக இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, வேண்டாம் என்றார். நாட்றம்பள்ளி வண்டியின் சேஸிஸ் நம்பர் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகவில்லை. மூன்றாவது வண்டி ராஜா மாதிரி ஓடியது. பாய் விடவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, டீக்கடையில் நிறுத்தி, நிதானமாக டீ குடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சூட்டில் அது அசையவே இல்லை. நான்காவதில் பெட்ரோல் குழாயெல்லாம் பழைய ரப்பர். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இளகிப்போயிருந்தது. மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.

"கொழாய மாத்தலாம்மா. கொழாயகூட மாத்தாம ஓட்டினவன் வேற இன்னாத்த கவனிச்சிருப்பான்?"

"பாய், உங்களுக்கு எந்த வண்டியும் புடிக்காது."

"ஆமாம்மா," என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஐந்தாவது குடியாத்தத்தில் இருந்தது. லுங்கித் தறி வைத்திருக்கும் லோகநாதன் என்பவரின் கிரீம் கலர் பத்மினி. போனில் போட்டோவைக் காட்டினேன். பாய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வாணாம்மா."

"இன்னும் போய்ப் பாக்கவே இல்லையே?"

"வாணாம்னா வாணாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நீங்கள் வராவிட்டால் நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பையோடு நின்றிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் லோகநாதன் முகம் மலர்ந்துவிட்டது. "பாய்! நீங்களா? இவருதாம்மா இந்த வண்டிய பாத்து, தைரியமா எடுங்கன்னு அன்னைக்கு சொன்னவரு. ஒம்போது வருஷம் ஆவுது. ஒரு பேஜார் இல்ல."

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். தெரிந்த வண்டி என்று ஏன் சொல்லவில்லை? அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

பானெட் ஜில்லென்று இருந்தது. வண்டி உடனே எழுந்தது. ஒரு மணி நேரம் ஓட்டினேன், டீ குடித்தோம், மறுபடியும் எழுந்தது. பின் சீட்டில் ஒரு குட்டித் தலையணைகூட இருந்தது. இதுதான் என் வண்டி என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பாய் கோணிப்பையை விரித்து, முனகிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் அடியில் நகர்ந்தார். டார்ச் எடுக்கவில்லை, காந்தம் எடுக்கவில்லை. நேராக ஒரு இடத்தில் கையை வைத்தார். அப்படியே கிடந்தார். கால் பிடித்துக்கொண்டதோ என்று நான் பயந்துவிட்டேன்.

வெளியே வந்து, "வாணாம்மா. கியர் லூசா இருக்குது," என்றார்.

கியருக்காகவா? எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். லோகநாதன் சிரித்தார். "வாணாம்னா விடுங்க பாய். நானும் அரைமனசாத்தான் இருந்தேன். எம் பொண்ணு ரோஷினி இப்பதான் லைசென்ஸ் எடுத்தா. வேலூர் காலேஜுக்கு இதுலயே போய் வரட்டும்."

பாய் பையை மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து, அந்தக் கோணிப்பையிலேயே உட்கார்ந்தார்.

"தம்பி, இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க."

டார்ச்சை அடித்து, வண்டியின் அடியில் கருப்புப் பூச்சின் மேல் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினார். பூச்சு உரிந்தது, துரு பொலபொலவென்று கொட்டியது. ஸ்குரூடிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற இடம் அது. ஓடும்போது விட்டுக்கொண்டால் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

"உங்களுக்கு முன்னாடி இத வச்சிருந்தவன் தோல் வியாபாரி. டிக்கில உப்புத்தோல் போட்டு ஓட்டுவான். உப்புத்தண்ணி எறங்கி அடியெல்லாம் அரிச்சிடுச்சு. விக்கப்போறேன், மூடிக் குடுன்னான். மெல்லிசு தகடு வச்சு மேல கருப்பு அடிச்சேன். ரெண்டு வருஷம் தாங்கும்னு நெனச்சேன். அடுத்த வாரம் நீங்க வந்து, வண்டி எப்படின்னு என்னையே கேட்டீங்க."

"நல்லாருக்குதுன்னு சொன்னீங்க," என்றார் லோகநாதன்.

"சொன்னேன்."

லோகநாதன் எழுந்திருக்காமல் அப்படியே குந்தியிருந்தார். "திருப்பதிக்கு நாலு வாட்டி போயிருக்கறோம் பாய். மலை மேல. பாப்பா பின் சீட்ல தூங்கினு வருவா."

"பேப்பர்ல ஆக்சிடெண்ட்னு போட்டா, இன்னா வண்டின்னுதான் மொதல்ல பாப்பேன்," என்றார் பாய். "ஒம்போது வருஷமா அதான் வேல."

லோகநாதன் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் பின் கதவைத் திறந்து அந்தக் குட்டித் தலையணையை எடுத்துத் தூசி தட்டினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேற வண்டி வாங்கியிருப்பேன் பாய். அவ்ளோதானே?" என்றார். தலையணையோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல், "அன்னைக்கு ஏன் பாய் சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

பாய் மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஷபீ சொன்னா சரியா இருக்கும்னு யாரோ சொல்லி அனுப்பியிருந்தாங்க. அப்படி நம்பி வந்து நிக்கறவர்கிட்ட, நான்தான் மூடினேன்னு சொல்ல வெக்கமா இருந்துதும்மா."

ஆம்பூரில் இறங்கும்போது அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டு இறங்கினார்.